சிரிப்பாணிக்குக் கண்ணீர் அஞ்சலி

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டே காலுக்கு, ஓய்வுபெற்ற ஏட்டு தங்கப்பாண்டியன் ஆளுயர ரோஜா மாலையோடு தேவதானத்தில் வந்து ஆட்டோவை விட்டு இறங்கியபோது, செத்துப்போனவர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஆறாவது இட்லியைப் பிட்டுக்கொண்டிருந்தார்.

"ஏலே பாண்டி! வா, வா. யாரு வீட்டு விசேஷம்? மாலையெல்லாம் பலமா இருக்கு?"

தங்கப்பாண்டியன் மாலையை ஆட்டோக்காரரின் கையில் திணித்துவிட்டுக் கிட்டே வந்து சீனிச்சாமியின் தோளைத் தொட்டுப் பார்த்தார். பிறகு குனிந்து காலைப் பார்த்தார். கால் இரண்டும் தரையில்தான் இருந்தன.

"ஏலே, நீ செத்துட்டன்னு வில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதுத்தாப்புல பத்தடிக்கு ஃபிளக்ஸ் வச்சிருக்காங்கலே!"

"எவம்லே வச்சது? எனக்கு ஒரு போனைப் போட்டுக் கேட்டிருக்கலாம்ல?"

"செத்தவனுக்கு எவம்லே போன் போடுவான்?"

அதுவும் நியாயமாகத்தான் இருந்தது. சீனிச்சாமி கையைக் கழுவிவிட்டு, நண்பர் நீட்டிய செல்போனை வாங்கிக் கை எட்டும் தூரத்தில் பிடித்துப் பார்த்தார். கறுப்புப் பின்னணி. இரண்டு பக்கமும் குத்துவிளக்கு. மேலே 'கண்ணீர் அஞ்சலி'. நடுவில் இருபத்திரண்டு வயது சீனிச்சாமி, போலீஸில் சேர்ந்த வருடத்து மீசையோடு முறைத்துக்கொண்டிருந்தார். 'எங்களைச் சிரிக்க வைத்துவிட்டு எங்கே சென்றாய்?' என்று கீழே கேட்டிருந்தார்கள். அதற்கும் கீழே, 'இவண்: சிரிப்பாணி வாசகர்கள். இரங்கல் கூட்டம் ஞாயிறு மாலை 3 மணி.'

"தோற்றம் ரெண்டாயிரத்துப் பன்னெண்டுன்னு போட்டிருக்கேடா. நான் அன்னைக்கு சர்வீஸ்ல இருபத்தஞ்சு வருஷம் முடிச்சிட்டேனே!"

"அச்சுப் பிழைன்னு நெனச்சுட்டேன்," என்றார் தங்கப்பாண்டியன். "அந்தப் போட்டோ நம்ம பேட்ச்சுல எடுத்தது. பக்கத்துல நான் நின்னேன். என்னைய வெட்டிட்டுல்லா போட்டிருக்கான்."

"அந்தத் துஷ்டி மாலைய வீட்டுக்குள்ள கொண்டாராதீங்க!" என்று சீனிச்சாமியின் மனைவி அங்காளம்மாள் அடுக்களையிலிருந்தே சத்தம் போட்டார். "அண்ணே, நீங்க உக்காருங்க. இவ்வளவு தூரம் வந்துட்டு சாப்பிடாம போனா எப்படி? ஏட்டி கல்பனா, சட்னிய எடுத்துட்டு வா."

மகள் கல்பனா சட்னிக் கிண்ணத்தோடு நிலைப்படியிலேயே நின்றாள். அந்தப் போட்டோவில் தங்கப்பாண்டியன் மாமாவை வெட்டியது யாரென்று அவளுக்குத் தெரியும். ஐந்து வருடத்துக்கு முன்னால், இதே வீட்டில் பீரோவுக்கு மேலிருந்த தகரப் பெட்டியிலிருந்து எடுத்து, செல்போனில் படம் பிடித்து வெட்டியது அவள்தான்.

கல்பனாவுக்கு இருபத்தேழு வயது. இரண்டு பக்கத்துச் சொந்தத்திலும் முதல் பட்டதாரி. அப்பா வகையில் எல்லாரும் போலீஸ் அல்லது பட்டாளம், அம்மா வகையில் எல்லாரும் வயல். கல்லூரிக்குப் போன மூன்று வருடமும் காலை ஏழு மணி பஸ்ஸில் படியோரம் நின்றே போய் வந்தாள். இப்போது ராஜபாளையத்தில் மருத்துவக் கட்டுத்துணி செய்கிற ஒரு கம்பெனியில், எத்தனை பெட்டி வெளிநாட்டுக்குப் போனது, எத்தனை திரும்பி வந்தது என்று கம்ப்யூட்டரில் ஏற்றுகிற வேலை. யாராவது கேட்டால் இவ்வளவுதான் சொல்வாள்.

சொல்லாத ஒன்று இருந்தது. 'சிரிப்பாணி' என்ற நகைச்சுவை இணையதளத்தில் வாரம் ஒன்றாக வந்துகொண்டிருந்த 'ஏட்டு மேற்படியாரின் அறிக்கை'யை எழுதியது அவள்தான்.

சீனிச்சாமி சிறப்பு சார்பு ஆய்வாளராக ஓய்வு பெற்றவர் என்றாலும், ஊருக்கு இன்னும் ஏட்டையாதான். முப்பத்தைந்து வருடம் ஸ்டேஷனில் அறிக்கை எழுதி எழுதி அவருக்குப் பேச்சே அப்படி ஆகிவிட்டது. மழை பெய்தால் 'மழை பெய்வதாகத் தகவல்' என்பார். பால்காரர் வராவிட்டால் 'மேற்படி நபர் இன்னும் ஆஜராகல' என்பார். கல்லூரி முடித்து வேலை கிடைக்காமல் வீட்டில் இருந்த நாட்களில், கல்பனா இதையெல்லாம் கேட்டுக்கொண்டே இருந்தாள். ஒரு நாள் விளையாட்டாக எழுதிப் பார்த்தாள்.

'மேற்படி தேதியில் காலை 7.40 மணிக்கு, தேங்காய்ச் சட்னியைச் சோதனையிட்டதில் தேங்காய் தலைமறைவாகிவிட்டது தெரியவந்தது. சம்பவ இடத்தில் சந்தேகத்துக்கு இடமான வகையில் நின்ற பொரிகடலையைப் பிடித்து விசாரித்ததில், கடந்த மூன்று மாதங்களாகத் தேங்காயின் பெயரில் தானே ஆள்மாறாட்டம் செய்து வருவதாக ஒப்புக்கொண்டது.'

அதைச் சிரிப்பாணிக்கு அனுப்பினாள். தளத்தை நடத்தியவர் அப்துல் ரவூப். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஜெராக்ஸ் எடுத்து, ஆன்லைனில் விண்ணப்பம் போட்டுக் கொடுக்கிற கடை வைத்திருந்தார். மறுநாளே பதில் போட்டார்: 'சிரித்துச் சிரித்து ஒருவருடைய சாதிச் சான்றிதழை இரண்டு தடவை அச்சடித்துவிட்டேன். தொடர்ந்து எழுதுங்கள். எழுதுபவர் படம் ஒன்று வேண்டும்.' தன் படத்தைத் தர அவளுக்குத் துணிச்சல் இல்லை. அப்பாவின் பழைய படத்தைக் கொடுத்தாள். முப்பது வருடம் தாண்டிய பழைய முகம், யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்தாள்.

சட்னி அறிக்கை பெயரில்லாமல் வாட்ஸப்பில் சுற்றி, ஒரு நாள் அப்பாவின் போனுக்கே வந்து சேர்ந்தது. அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "எவனோ நம்ம டிபார்ட்மெண்டு ஆளுதாம்ட்டி. வீட்டுல ரொம்ப அடி வாங்கியிருக்கான், பாவம்," என்று அவளுக்கே அதை அனுப்பியும் வைத்தார். அன்றிலிருந்து ஒரு கேள்வி அவளோடு பஸ்ஸில் ஏறி, பஸ்ஸில் இறங்கியது. அப்பா இரவு ரோந்து போய்ப் படிக்க வைத்தாரே, படித்தது அவரைப் பார்த்துச் சிரிக்கத்தானா? எழுதும்போது அந்தக் கேள்வி வராது. எழுதி முடித்து அனுப்பிய பிறகு வரும்.

போன மாதம் ரவூப் ஓர் அறிவிப்புப் போட்டார். தளத்தை வைத்திருந்த கம்பெனி பழைய இயந்திரங்களை நிறுத்தப்போகிறது. எல்லாவற்றையும் வேறிடத்துக்கு மாற்றத் தனக்கு நேரமும் இல்லை, வயதும் இல்லை. படிக்கிறவர்களும் இப்போது தளத்துக்கு வருவதில்லை, வாட்ஸப்பிலேயே சிரித்து முடித்துவிடுகிறார்கள். 'பதிமூன்று வயதில் சிரிப்பாணி சிரித்த முகத்தோடு போய்ச் சேருகிறது. முறைப்படி இரங்கல் கூட்டம் நடத்தி அனுப்பி வைப்போம்.'

கல்பனாவுக்கு அழுகையும் வந்தது, நிம்மதியும் வந்தது. மூடிவிட்டால் யாருக்கும் எதுவும் தெரியாமலே போய்விடும். அப்படித்தான் நினைத்திருந்தாள், மாலை வந்து இறங்கும்வரை.

"ஏட்டி, வண்டிய எடு," என்றார் சீனிச்சாமி, சட்டையை மாற்றிக்கொண்டு வந்து. "வில்லிபுத்தூர் போவோம். விசாரிக்காம விடக்கூடாது."

"எதுக்குப்பா? வெயிலு எம்புட்டு அடிக்குது. ஏதோ தெரியாம வச்சிருப்பாங்க."

"எம் பேரு கூட இல்லாம என் படத்தை மட்டும் போட்டிருக்கான்னா, அது தெரியாம பண்ணதில்ல. உள்ளுக்குள்ள ஆளு இருக்கு."

உள்ளாளே ஸ்கூட்டரை ஓட்ட, பின்னால் உட்கார்ந்து விசாரணை அதிகாரி வந்தார். சேத்தூர் தாண்டும் முன்பே சந்தேகப் பட்டியல் தயாராகிவிட்டது. அப்பா பிடித்து உள்ளே தள்ளிய கோழித் திருடன் ஒருவன், வாய்க்கால் தகராறில் பேச்சை நிறுத்திய சித்தப்பா, ஓய்வு பெறுகிற விழாவில் மேடையில் இடம் கிடைக்காத ஒருவர். கல்பனாவின் பெயர் எங்கேயும் இல்லை. ராஜபாளையத்தில் சிக்னல் விழுந்தபோது, "அப்பா," என்றாள். "என்ன?" என்றார். பச்சை விழுந்துவிட்டது. "ஒண்ணுமில்ல," என்று வண்டியைக் கிளப்பினாள்.

ஃபிளக்ஸின் ஓரத்தில் அச்சடித்த கடையின் பெயர் இருந்தது. கடைக்காரர் பிச்சை முகம்மது, படத்தையும் ஆளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"சார், நீங்க... இருக்கீங்களா?"

"இருக்கேன் பாய். முதல்ல இதைச் சொல்லுங்க. ஃபிளக்ஸ்ல அனுமதி எண் எங்க?"

"செத்தவங்களுக்கு யாரு சார் அனுமதி எண் கேக்கா?"

"நான் சாகலியே."

பிச்சை முகம்மது டீ சொல்லி அனுப்பிவிட்டு நடந்ததைச் சொன்னார். "ரவூப் தம்பி வந்து, வெப்சைட்டு ஒண்ணு மூடுது, அதுக்கு அஞ்சலி அடிங்கன்னுச்சு. சரின்னுட்டேன். பொறவு உக்காந்து டிசைன் பண்ணா நடுவுல வெறிச்சுன்னு கெடக்கு. இருபது வருஷமா அஞ்சலி அடிக்கிறேன் சார், ஆளு இல்லாம செத்தது இதுதான் மொதத் தடவை. முகம் இல்லாத அஞ்சலியப் பாத்து எவன் சார் நின்னு கும்புடுவான்? தம்பி குடுத்த பென் டிரைவுக்குள்ள தேடுனேன். எழுதுறவங்க படம்னு ஒரு எலுமிச்சம்பழம், ஒரு ஆட்டுக்குட்டி, ஒரு குல்லா, அதுக்கடுத்து நீங்க. அதுல நீங்க ஒருத்தர்தான் சார் மனுஷன். எடுத்து வச்சதும் அம்சமா உக்காந்துருச்சு. தம்பிகிட்ட காட்டாமலே அடிச்சுட்டேன்."

"அதாவது, நான் எழுதுறவன்."

"ஏட்டு மேற்படியார் நீங்கதான சார்?" பிச்சை முகம்மதுவின் முகம் மலர்ந்தது. "நம்ம வீட்டுல நூர்னிசா உங்க அறிக்கையப் படிச்சுட்டுத்தான் சோறே ஆக்கும்!"

சீனிச்சாமி டீயை ஆற்றினார். அவர் எதுவும் பேசாமல் டீ ஆற்றினால் வழக்கு ஏறக்குறைய துலங்கிவிட்டது என்று அர்த்தம். கல்பனா தன் டீயை எடுக்கவே இல்லை. "கூட்டம் மூணு மணிக்குத்தான?" என்றார் அவர். "நம்ம கூட்டத்துக்கு நாமளே போகாம இருந்தா நல்லாருக்காது."

கூட்டம் நடந்த மண்டபத்தில் அறுபது எழுபது பேர் இருந்தார்கள். வாசலிலேயே ஆளுக்கொரு துண்டு பால்கோவா கொடுத்தார்கள். "துஷ்டி வீட்டுல பால்கோவா குடுக்கிறத இன்னைக்குத்தான் பாக்கேன்," என்று சொல்லிச் சீனிச்சாமி இரண்டு வாங்கிக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்தார். பதிமூன்று வருடம் புனைபெயரில் சண்டை போட்டவர்கள் நேரில் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். எலுமிச்சம்பழம் என்பவர் ஒரு கால்நடை மருத்துவர். மேடையில் ரவூப் ஒரு மடிக்கணினிக்குப் பூமாலை போட்டு வைத்திருந்தார். சரியாக ஐந்து மணிக்கு எல்லார் முன்னாலும் தளத்தை நிறுத்துவதாக ஏற்பாடு.

கான்சாபுரத்திலிருந்து வந்திருந்த செல்லக்கனி டீச்சர், மேற்படியாரின் அறிக்கைகளை வாசிக்க எழுந்தார். சட்னி வழக்குக்கு மண்டபம் குலுங்கியது. முருங்கைக் கிளையைத் தின்ற ஆட்டின் வழக்கில், 'சம்பவ இடத்தில் கிடந்த உருண்டையான, கறுப்பான, சூடான தடயங்கள் கைப்பற்றப்பட்டன' என்று வாசித்தபோது, சீனிச்சாமியும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். கல்பனாவுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

"இது எனக்குப் பிடிச்சது," என்று டீச்சர் அடுத்த தாளை எடுத்தார்.

'மகளைக் கல்லூரியில் சேர்க்கச் சென்ற மேற்படியார், ஆங்கிலத்தில் இருந்த விண்ணப்பத்தைப் பத்து நிமிடம் தீவிரமாக விசாரித்தார். பின்னர், முதல்வர் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் தாமே கையெழுத்திட்டு, தம் மகளைத் தாமே கல்லூரியில் சேர்த்துக்கொண்டார். இதனால் அன்று காலை 10.20 முதல் 10.30 வரை மேற்படி கல்லூரிக்கு இரண்டு முதல்வர்கள் இருந்ததாகத் தெரிகிறது.'

அன்றைய சிரிப்பிலேயே பெரிய சிரிப்பு அதுதான். முன் வரிசையில் ஒருவர் நாற்காலியோடு சாய்ந்து, பக்கத்திலிருந்தவர் பிடித்து நிறுத்தினார். சீனிச்சாமி மட்டும் சிரிக்கவில்லை. கையிலிருந்த பால்கோவாவைத் தாளில் மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"அந்த எடத்துல இருந்தது மூணே பேரு," என்றார், மேடையைப் பார்த்தபடியே, மெதுவாக. "நானு, அந்த கிளார்க்கு, நீ. கிளார்க்குக்கு இம்புட்டு நல்லா எழுத வராது."

கல்பனா தலையைக் குனிந்துகொண்டாள். "நாந்தாம்ப்பா."

"எத்தனை வருஷமா?"

"அஞ்சு."

"சட்னி?"

"நாந்தான்."

"ஆடு?"

"எல்லாமே நாந்தாம்ப்பா."

அவர் தலையாட்டினார். "அன்னைக்கு நான் யூனிஃபார்ம்ல வந்திருந்தேன். நைட்டு டூட்டி முடிஞ்சு, வீட்டுக்கு வந்து, திரும்ப அயர்ன் பண்ணி மாட்டிக்கிட்டு வந்தேன். பிள்ளைய காலேஜுல சேக்கப் போறோம், அப்பன் நல்லா இருக்கணும்னு. அதை எழுதலையே நீ."

யூனிஃபார்மின் மடிப்பு அவளுக்கும் ஞாபகம் இருந்தது. எழுதும்போது சிரிப்புக்கு உதவாது என்று விட்டிருந்தாள்.

மேடையில் ரவூப் மைக்கைப் பிடித்தார். "ஃபிளக்ஸ்ல நடந்த தப்புக்கு மன்னிக்கணும். மேற்படியார் நம்மகூட நல்லாத்தான் இருக்காரு. அவரு இந்தக் கூட்டத்துல இருந்தா, விருப்பப்பட்டா, கையத் தூக்கலாம். இல்லேன்னாலும் பரவாயில்ல." தளத்தில் அவள் யாரென்று தெரிந்த ஒரே ஆள் அவர்தான். அவள் பக்கம் பார்க்காமல் கூரையைப் பார்த்துச் சொன்னார்.

கையைத் தூக்காவிட்டாலும் ஐந்து மணிக்குத் தளம் மூடிவிடும். மூடிய பிறகு மேற்படியார் யாரோ ஒரு போலீஸ்காரர், அவ்வளவுதான். கல்பனா எழுந்தாள். மேடை வரைக்கும் நடந்தாள். மைக்கை வாங்கிக்கொண்டாள்.

"எழுதுனது நான். எம் பேரு கல்பனா. ஃபிளக்ஸ்ல இருக்கிறது எங்கப்பா. அவருக்குத் தெரியாம எழுதுனேன். அவரு பேசுனதத்தான் எழுதுனேன், சிரிச்சது மட்டும் நான்." கையை நீட்டிக் காட்டினாள். "அந்தா, கடைசி வரிசையில இருக்காங்க."

மண்டபமே திரும்பியது. யாரோ, "மேற்படியார் உயிரோட இருக்காரு!" என்று கத்தினார்கள். விசில் பறந்தது. சீனிச்சாமி சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, கோர்ட்டில் சாட்சிக் கூண்டுக்கு நடக்கிற நடையில் மேடைக்கு வந்தார்.

"வணக்கம். அஞ்சு வருஷமா என் மேல வழக்கு நடந்திருக்கு. எதிரிகிட்ட, அதாவது என்கிட்ட, ஒரு வாக்குமூலம் வாங்கல. அதனால இப்ப குடுக்கேன்." கூட்டம் அடங்கியது. "ஆட்டு வழக்கு உண்மை. சட்னி வழக்குல மட்டும் குற்றவாளி எம் பொஞ்சாதி இல்ல. தேங்கா வாங்கிட்டு வாறேன்னு மூணு மாசம் சொல்லிச் சொல்லியே வாங்காம வந்தது நாந்தான். பொரிகடலை நிரபராதி. அதை விடுதலை பண்ணிருங்க."

கைதட்டல் ஓய வெகுநேரம் ஆயிற்று. விண்ணப்பத்தைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மேடையை விட்டு இறங்கியதும் ஆட்கள் சூழ்ந்துகொண்டார்கள். படம் எடுக்க நின்றார். யாரோ ஸ்டேஷன் கதை கேட்டார்கள். அவர் ஆரம்பித்துவிட்டார், கூட்டம் சிரிக்க ஆரம்பித்துவிட்டது.

மணி நாலே முக்கால். கல்பனா மேடையில் ரவூப்பின் பக்கத்தில் போய் நின்றாள்.

"அண்ணே, அந்த விண்ணப்ப அறிக்கைய எடுக்கணும்."

"எதுக்குத் தங்கச்சி? இன்னும் கால் மணி நேரத்துல மொத்தமாவே போயிருமே."

"தெரியும்ண்ணே. அது மத்ததோட சேந்து தானாப் போகக்கூடாது. நான் எடுத்ததா இருக்கணும்."

ரவூப் அவளைப் பார்த்தார். பிறகு மடிக்கணினியின் மேல் கிடந்த மாலையை ஒதுக்கி, திரையை அவள் பக்கம் திருப்பினார். அவள் தேடி எடுத்து, முதலிலிருந்து கடைசி வரை ஒரு தடவை படித்தாள். இப்போதும் சிரிப்பு வந்தது. அதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. நிச்சயமாக நீக்க வேண்டுமா என்று திரை கேட்டது. நீக்கினாள். பக்கத்தை மறுபடி திறந்து, அது இல்லை என்பதைப் பார்த்துக்கொண்டாள்.

"முடிஞ்சுதா?" என்றார் ரவூப்.

"முடிஞ்சுதுண்ணே. இனி நீங்க மூடிக்கலாம்."